முதுகு விட்ட புத்தகத்தை வீட்டிலேயே கட்டுவது எப்படி?

பேப்பர்பேக் புத்தகம் நடுவில் பிளந்து, தாள் தாளாகக் கையோடு வந்தால் உடனே படித்தவர் மேல் பழி விழும். 'முரட்டுத்தனமாகப் பிரித்திருக்கிறாய்' என்பார்கள். ஆனால் வேலூர் வட்டாரத்தில் பெரும்பாலும் குற்றவாளி வெயில்தான். இப்போது அச்சகங்களில் தாள்களின் மடிப்பை முதுகுப் பக்கம் சீவி எடுத்துவிட்டு, சூடான பசையைப் பூசி, அதன் மேலேயே அட்டையை ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பசை ஒருவகை பிளாஸ்டிக். புதிதாக இருக்கும்போது வளைந்து கொடுக்கும். கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள பரணில் சில கோடைகளைக் கழித்த பிறகு இறுகி, கண்ணாடி மாதிரி வெடிக்கும். ஒரு நாள் யாராவது புத்தகத்தை அகலத் திறப்பார்கள், அவ்வளவுதான்.

இதை வீட்டிலேயே சரிசெய்யலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு காலை நேரமும் ஒரு நாள் காத்திருக்கும் பொறுமையும் போதும். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறவர்களின் கனத்த கைடுகள், பிள்ளைகளின் அகராதிகள், திரும்பத் திரும்பப் படித்துத் தேய்ந்த நாவல்கள் எல்லாவற்றுக்கும் இந்த முறை பொருந்தும்.

வேலையில் இறங்குமுன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பசை முதுகின் மேல் உட்கார்ந்தால் போதாது, ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரு நூலளவாவது உள்ளே இறங்க வேண்டும். எங்கள் ஊர் பைண்டர் ஒருவர் இதை வேறு மாதிரி சொல்வார்: "மொதுகு மேல பூசினா இன்னாத்துக்கு ஆவும் சார்? தாளுக்குள்ள எறங்கணும்." கீழே வரும் வேலையில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

முதலில் புத்தகத்தைப் பாருங்கள்

புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்து, தலைப்பக்கத்திலிருந்து முதுகை உற்றுப் பாருங்கள். சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்தால் அது ஃபாரம் ஃபாரமாகத் தைத்த புத்தகம். ஒரு ஃபாரம் என்பது பெரும்பாலும் 16 பக்கம். மடிப்பே இல்லாமல் தனித்தனித் தாள்களின் விளிம்பு மட்டும் தெரிந்தால், அது சீவி ஒட்டியது. முதுகை ஒட்டிப் பக்கவாட்டில் கம்பிப் பின் அடித்திருந்தால் பழைய மலிவுப் பதிப்பாக இருக்கும். அந்தப் பின் துருப்பிடித்துச் சுற்றியுள்ள தாளைத் தின்றிருக்கும்.

அடுத்து, தாளைச் சோதியுங்கள். எழுத்து இல்லாத ஒரு பக்கத்தின் நுனி மூலையை மெல்ல முன்னும் பின்னும் மடியுங்கள். இரண்டு மூன்று மடிப்பிலேயே ஒடிந்து விழுந்தால் அந்தத் தாள் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது. மலிவான மரக்கூழ்த் தாளில் உள்ள லிக்னின் என்ற பொருளும் அமிலமும் செய்கிற வேலை அது. அப்படிப்பட்ட புத்தகத்தைப் பிரித்துக் கட்ட வேண்டாம். என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எதை வாங்குவது, எதைத் தொடவே கூடாது

வெள்ளைப் பசையில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் ஃபெவிகால் எம்.ஆர். வகை போதும். தச்சர்கள் பயன்படுத்தும் வகை காய்ந்தபின் அதிகம் விறைக்கும், புத்தகம் திறக்க மறுக்கும். ஃபெவிக்விக் மாதிரியான உடனடிப் பசை வேண்டவே வேண்டாம். அது காகிதத்துக்குள் ஊறி அதைக் கல்லாக்கிவிடும். ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடிப் பக்கம் வீட்டுக்கு வீடு செருப்பு, ஷூ வேலைக்கான ரப்பர் சொல்யூஷன் டப்பா இருக்கும். கைக்கெட்டுகிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். முதல் ஒரு வருடம் நன்றாகத்தான் பிடிக்கும். அப்புறம் பழுப்பேறி, கறை படிந்து, பிடியும் விட்டுப்போகும்.

ஆனால் அதே தோல் தொழிலிலிருந்து நமக்கு இரண்டு நல்ல பொருள் கிடைக்கும். ஒன்று துளை போடும் ஊசி, இன்னொன்று மெழுகிட்ட நூல். செருப்பு தைப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். முதுகில் ஒட்ட மெல்லிய காடாத் துணி வேண்டும். இல்லாவிட்டால் கஞ்சி போக நன்றாக அலசிய பழைய பருத்தி வேட்டித் துண்டு இன்னும் நல்லது. பாலியெஸ்டர் கலந்த வேட்டி பசையைக் குடிக்காது. குடியாத்தம் பக்கத்துக் கைத்தறிப் பருத்தித் துணி மீதம் இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளலாம், சாயம் போகாத வெள்ளையாக இருக்க வேண்டும்.

மற்றவை எளிது. ஒரு அங்குல பெயின்ட் பிரஷ், பட்டர் பேப்பர், பிரவுன் பேப்பர், புத்தகத்தைவிடச் சற்றுப் பெரிய இரண்டு பலகைத் துண்டுகள், அவற்றை இறுக்க ஹார்டுவேர் கடையில் இரண்டு சி கிளாம்ப். வேலூர் லாங்கு பஜாரை ஒரு சுற்றுச் சுற்றினால் முக்கால்வாசியும் ஒரே நடையில் முடிந்துவிடும். கிளாம்ப் வாங்க மனமில்லை என்றால் காகிதத்தில் சுற்றிய செங்கல் பாரத்துக்கு ஆகும், ஆனால் முழு முதுகு வேலைக்குக் கிளாம்ப்தான் நல்லது.

செல்லோ டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கிழிந்த பக்கத்தில் அதை ஒட்டுகிறவர்கள் புத்தகத்தின் மேல் உள்ள அக்கறையால்தான் ஒட்டுகிறார்கள். ஆனால் சில வருடங்களில் மேல் பட்டை உரிந்து போகும், பசை மட்டும் மஞ்சளாகத் தாளுக்குள் ஊறி, அடுத்த பக்கத்தையும் பிடித்து இழுக்கும். பழைய டேப் இருந்தால் ஹேர் டிரையரில் இளஞ்சூடு காட்டி, டேப்பைத் தாளோடு படிந்தவாறே பின்னுக்கு மடித்து மெதுவாக இழுங்கள். செங்குத்தாகத் தூக்கினால் எழுத்தும் கூடவே வரும்.

கிழிந்த பக்கமும் கழன்ற ஒற்றைத் தாளும்

பக்கங்களுக்கு மைதாப் பசை, முதுகுக்கு ஃபெவிகால். இதற்குக் காரணம் உண்டு. மைதாப் பசையைப் பின்னால் யாராவது ஈரம் காட்டி எடுத்துவிட முடியும், ஃபெவிகால் காய்ந்தால் காய்ந்ததுதான். ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர். கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். வெள்ளை நிறம் மங்கிக் கண்ணாடி போல ஆகும்போது இறக்கி, ஆறியதும் துணியில் வடிகட்டுங்கள். பைண்டிங் கடைகளில் பூச்சி வராமல் இருக்க இதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், வீட்டில் வேண்டாம். தேவையான அளவு மட்டும் காய்ச்சி, இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

கிழிசலின் இரண்டு ஓரங்களும் ஒன்றன் மேல் ஒன்று படியுமாறு பார்த்து, மெல்லிய பசை தொட்டு ஒட்டி, மேலே மிக மெல்லிய வெள்ளைத் தாள் பட்டை ஒன்றை வையுங்கள். அந்தப் பட்டையைக் கத்தரியால் வெட்டாமல், ஈரக்கோடு போட்டுக் கையால் கிழித்தெடுத்தால் ஓரம் நார் நாராக இருக்கும், ஒட்டிய இடம் தெரியாது. கல்லூரி ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் மைக்ராஸ்கோப் லென்ஸ் துடைக்கும் தாள் கிடைக்கும், அது இந்த வேலைக்கு அருமையாகப் பொருந்தும்.

ஒன்றிரண்டு தாள் மட்டும் கழன்றிருந்தால், கழன்ற தாளை ஒரு சுத்தமான பழைய நோட்டுத் தாளின் மேல் வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். இன்னொரு தாளால் மேலே மூடி, முதுகோரத்தில் மூன்று மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியவிடுங்கள். தெரிகிற பட்டையில் பசையை ஒரே இழுப்பில் பூசி, மூடிய தாளை உடனே எடுத்துவிடுங்கள். பிறகு கழன்ற தாளைப் புத்தகத்துக்குள் ஆழமாகச் செருகி, மேலும் கீழும் விளிம்பு சேர்கிறதா பார்த்து, இருபுறமும் பட்டர் பேப்பர் வைத்து மூடிப் பாரம் ஏற்றுங்கள். மறுநாள் வரை திறக்க வேண்டாம்.

பத்துத் தாளுக்கு மேல் கழன்றிருந்தால் இப்படி ஒவ்வொன்றாக ஒட்டாதீர்கள். ஒட்டிய இடமெல்லாம் தடித்து, முதுகு வீங்கி, பக்கத்துத் தாள்கள் அடுத்தடுத்துக் கழலும். அந்த நிலையில் முழுதாகப் பிரித்துக் கட்டுவதுதான் சரி.

முழு முதுகையும் மீண்டும் கட்டுதல்

இந்த முறையை 1930களில் ஜெர்மனியில் எமில் லும்பெக் என்பவர் பரவலாக்கினார், உலகம் முழுக்கப் பல பைண்டர்கள் அவர் பெயராலேயே இதைக் குறிப்பிடுகிறார்கள். தாள்களை விசிறி போல ஒரு பக்கம் சாய்த்துப் பசை, மறுபக்கம் சாய்த்துப் பசை. இவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

அட்டையைப் பிரிப்பதில் தொடங்குங்கள். முதுகில் ஹேர் டிரையரின் சூட்டை இரண்டு மூன்று நிமிடம் ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓடவிட்டால் பழைய பசை இளகும். பின்னட்டைப் பக்கத்திலிருந்து மெல்ல உரித்து வாருங்கள். அட்டை முழுதாக வந்துவிட்டால் பாதி வெற்றி. பத்திரமாக ஒரு தட்டையான இடத்தில் வையுங்கள்.

தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பசைத் துணுக்குகளை விரலால் தேய்த்து உதிர்த்துவிடுங்கள். இது அலுப்பான வேலைதான், ஆனால் அவசரப்படாதீர்கள். பழைய பசை இருக்கும் இடத்தில் புதியது இறங்காது. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தால் மெல்லிய கத்தியை உள்ளே விட்டுப் பிரியுங்கள். பிரித்தபின் பக்க எண்களை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை சரிபாருங்கள். ஒரு தாள் தலைகீழாகிப் போனால் அப்புறம் திருத்த முடியாது.

அடுத்தது தட்டி ஒழுங்குபடுத்துவது. கட்டை மேசையில் முதலில் முதுகோரத்தைத் தட்டி, பிறகு தலைப்பக்கத்தைத் தட்டி, திரும்பவும் முதுகோரத்தைத் தட்டுங்கள். இரண்டு ஓரமும் சேர வேண்டும். முதுகோரம்தான் முக்கியம், வெளிவிளிம்பு சற்று ஏறி இறங்கினாலும் பரவாயில்லை.

இப்போது தாள் கட்டைப் பலகைகளுக்கு இடையில் வைத்து, முதுகுப் பக்கம் நான்கு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு கிளாம்பை இறுக்குங்கள். வெளியே நிற்கும் பகுதியைக் கையால் ஒரு பக்கமாகச் சாய்த்தால், தாள்கள் படிப்படியாக விலகி ஒவ்வொன்றின் ஓரமும் ஒரு மில்லிமீட்டர் வரை வெளியே தெரியும். அந்தச் சரிவில் பசையைப் பிரஷால் நடுவிலிருந்து இரண்டு முனைகளை நோக்கித் தள்ளிப் பூசுங்கள். முனையிலிருந்து உள்ளே இழுத்தால் பசை தாளின் தலைப்பக்கத்தில் கட்டியாகத் தங்கிவிடும். உடனே மறுபக்கம் சாய்த்து அதே மாதிரி இன்னொரு பூச்சு. பிறகு நிமிர்த்தி, கிளாம்பைத் தளர்த்தி, மேசையில் ஒருமுறை மென்மையாகத் தட்டிச் சேர்த்து, இந்த முறை பலகையின் விளிம்பும் முதுகும் ஏறக்குறைய சமமாக நிற்குமாறு அழுத்தி இறுக்குங்கள். பலகைக்கும் தாளுக்கும் நடுவில் பட்டர் பேப்பர் இருக்கட்டும், இல்லாவிட்டால் பலகையும் புத்தகமும் ஒன்றாகிவிடும்.

சாய்ப்பது, பூசுவது, மறுபக்கம் சாய்ப்பது, பூசுவது எல்லாம் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊரில் பசை பிரஷிலேயே இறுகிவிடும். அதனால் கோடையில் விடிந்ததும் தொடங்குங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஃபெவிகாலில் கொஞ்சம் மைதாப் பசையைக் கலந்தால் இறுகும் வேகம் குறையும். மழைக்காலத்தில் எதிர்ப்பிரச்சினை, ஒரு நாளில் காய வேண்டியது இரண்டு நாள் பிடிக்கும்.

நானூறு பக்கத்தைத் தாண்டிய கனத்த புத்தகத்துக்கு இன்னொரு பாதுகாப்பு செய்யலாம். பசை பூசும் முன்பே, தட்டி இறுக்கிய முதுகின் குறுக்கே ஹேக்ஸா பிளேடால் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சற்றுச் சாய்வாகக் கீறுங்கள். விசிறிப் பூச்சு முடிந்து இறுக்கியதும், அந்தக் கீறல்களில் பசை தடவிய நூலை அமுக்கி வைத்து, மிஞ்சியதை முதுகோடு வெட்டிவிடுங்கள். காய்ந்தபின் அந்த நூல்தான் தாள்களைக் குறுக்கே பிடித்து நிற்கும்.

முதல் பூச்சு ஒரு மணி நேரம் காய்ந்ததும் துணி. முதுகின் நீளத்தைவிட இருமுனையிலும் ஒரு சென்டிமீட்டர் குறைவாகவும், அகலத்தில் இருபுறமும் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாகவும் வெட்டிக்கொள்ளுங்கள். முதுகில் இன்னொரு மெல்லிய பூச்சு பூசித் துணியைப் பதித்து, விரல் நகத்தால் நன்றாக அழுத்தித் தேயுங்கள். பசை துணியின் இழைகள் வழியே பொங்கி மேலே தெரிய வேண்டும். துணி காய்ந்து வெள்ளையாகவே நின்றால், பசை போதவில்லை என்று பொருள். மேலே முதுகளவுக்கு வெட்டிய பிரவுன் பேப்பரை ஒட்டிவிட்டு, ஒரு நாள் முழுக்க கிளாம்பிலேயே விடுங்கள்.

அட்டை

பழைய அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். முதுகு மடிப்பில் விரிசல் இருந்தால் உள்பக்கமாக பிரவுன் பேப்பர் பட்டை ஒட்டிப் பலப்படுத்துங்கள். பிரவுன் பேப்பரில் நார் ஓடும் திசை முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். திசை மாறினால் பசையின் ஈரத்தில் அட்டை சுருண்டு நிற்கும். திசையைக் கண்டுபிடிக்க, தாளில் சிறு சதுரம் வெட்டி ஒரு பக்கம் மட்டும் நனையுங்கள். அது குழாயாகச் சுருளும், குழாயின் நீளவாக்குதான் நார் ஓடும் திசை.

மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து, முதுகின் இரண்டு ஓரத்திலும் ஒரு கோடும், அங்கிருந்து ஆறு மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு கோடும் அழுத்திப் போடுங்கள். முதுகிலும் அந்த ஆறு மில்லிமீட்டர் பட்டையிலும் மட்டும் பசை பூசிப் புத்தகத்தை உள்ளே உட்கார வைத்து அழுத்துங்கள். அட்டை இரண்டாவது கோட்டில் மடிந்து திறக்கும், முதுகில் இழுவை வராது. துணியின் ஓரங்களும் இந்தப் பட்டைக்கு அடியில் ஓரளவு மறையும், மிஞ்சி வெளியே தெரிவதைக் கத்தியால் வெட்டிவிடலாம்.

தைத்த புத்தகமாக இருந்தால் விசிறிப் பூச்சு தேவையில்லை. நூல் அறுந்த ஃபாரத்தை மட்டும் எடுத்து, நடு மடிப்பில் பழைய துளைகளின் வழியாகவே மெழுகு நூலால் தைத்து, பக்கத்து ஃபாரத்தின் நூலோடு கோத்து, பிறகு துணி ஒட்டுங்கள். கம்பிப் பின் இருந்தால் மடங்கிய கால்களைத் தட்டையான கத்தியால் நிமிர்த்தி, மறுபக்கத்திலிருந்து தூக்குங்கள்.

கடையில் கொடுப்பதாக இருந்தால்

நேரமில்லாதவர்கள் பைண்டிங் கடைக்குப் போகலாம், தவறில்லை. ஆனால் கொடுக்கும்போதே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்: "அண்ணே, பக்கவாட்டுல துளை போட்டுத் தைக்க வேணாம், ஓரமும் வெட்டாதீங்க." பள்ளிக் கூடத்து நோட்டுக்கும் அலுவலகப் பதிவேட்டுக்கும் பக்கத் தையல் நல்ல பலம் தரும். பேப்பர்பேக்கில் உள்ஓரம் பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். அதில் பாதியைத் தையல் தின்றுவிட்டால் வரியின் கடைசி எழுத்தைப் படிக்கப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிளந்து பிடிக்க வேண்டும். கட்டிங் மிஷினில் மூன்று ஓரமும் வெட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஓரத்தில் எழுதிய குறிப்புகள் குப்பைக்குப் போகும். அடுத்த முறை பைண்டு செய்ய இடமும் மிஞ்சாது. என்னைக் கேட்டால் ஓரம் வெட்டாத, சற்றுக் கோணலான புத்தகமே மேல்.

கட்டி முடித்த புத்தகத்தை முதல்முறை திறக்கும்போது முன்னிருந்து சில பக்கம், பின்னிருந்து சில பக்கம் என்று மாறி மாறி அழுத்தி நடுவை நோக்கி வாருங்கள். அலமாரியில் வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், மேற்குச் சுவர் சாயங்காலம் வரை சூட்டைக் கக்கும். மைதாப் பசை சேர்ந்த புத்தகத்தை இராமபாணப் பூச்சி தேடி வரும், மாதம் ஒருமுறை எடுத்துத் தட்டி வைத்தால் போதும். மழையில் நனைந்த புத்தகம் என்றால் வெயிலில் போடாமல், நிழலில் விசிறி போல விரித்து நிறுத்தி மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். ஓரளவு காய்ந்ததும் பாரம் வைத்தால் நெளிவு குறையும். முதுகு வேலையை முழுக்கக் காய்ந்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

மூலை மடித்ததும் ஒடிந்த புத்தகத்துக்கு வருவோம். அதில் பசையோ தையலோ நிற்காது, பிடித்த இடத்துக்குப் பக்கத்தில் தாள் ஒடியும். தாத்தா காலத்துப் பதிப்பு, கையெழுத்திட்ட பிரதி, வேறெங்கும் கிடைக்காத உள்ளூர் வெளியீடு என்றால் பிரிக்காமல் வெள்ளைத் தாளில் சுற்றி, பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, படுக்கவைத்து ஒரு பெட்டியில் வையுங்கள். பக்கங்களை மேலிருந்து மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் படிப்பதற்கு அந்தப் படமே போதும், புத்தகத்தை அடிக்கடி திறக்க வேண்டியதில்லை. உண்மையிலேயே அரிய நூலாக இருக்கும் என்று தோன்றினால், பழைய தமிழ் அச்சு நூல்களைப் பாதுகாக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் காட்டிக் கேளுங்கள், அதற்கு முன் அந்தப் புத்தகத்தில் ஒரு சொட்டுப் பசைகூட வைக்க வேண்டாம்.